பிள்ளையைத் தூக்காத நாட்கள்

ஜூன் 6, வெள்ளி

ஆதிரை இந்த வீட்டில் இருக்கப்போகும் நாட்களை எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஜூலை ஐந்தாம் தேதி அவள் மதினியோடு தென்காசிக்குப் போகிறாள். ஏழு மாதப் பிள்ளைக்கு இந்த வீடு ஞாபகம் இருக்காது. எனக்காவது இருக்கட்டும்.

மதினி என்றால் என் கணவரின் அக்கா, உலகம்மாள். தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. ஆகஸ்டில் எனக்கு ஆஸ்பத்திரி லேபில் பயிற்சி தொடங்குகிறது, இரண்டு வருடம், ஷிஃப்ட் முறை. இவர் வேலைக்காகத் திங்கட்கிழமை சிகாகோ போனால் வியாழக்கிழமைதான் இங்கே கொலம்பஸுக்குத் திரும்புகிறார். டேகேரில் இடம் கேட்டால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பதிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது மதினிதான் போனில் சொன்னார், "நான் ஒரு வருஷம் லீவு போடுதேன். பிள்ளைய நான் வளத்துத் தாரேன்." சொன்னதோடு நிற்காமல், முழுப் பரீட்சை முடிந்த கையோடு விசா எடுத்து வந்தும் இறங்கிவிட்டார். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

இங்கே நம் ஆட்களில் நிறையப் பேர் பிள்ளையை ஊருக்கு அனுப்பி வளர்த்தவர்கள்தான். புத்திசாலித்தனமான ஏற்பாடு. மதினி மேல் எனக்கு நன்றியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆதிரை இன்று கேரட் மசியலை என் மூக்குக் கண்ணாடி மீது துப்பினாள். கீழ் ஈறில் ஒரு பல் தட்டுப்படுகிறது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பிரதோஷம். மதினி ஊரில் ஒரு பிரதோஷம் விடமாட்டார். இங்கே வந்தும் விடவில்லை, ஆனால் வில்வம் இல்லாத பூஜை அவருக்கு உப்பில்லாத சாப்பாடு மாதிரி. வாய்விட்டுச் சொல்லமாட்டார். பூத்தட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

மத்தியானம் குப்பை போடப் போனேன். பார்க்கிங்குக்குப் பின்னால் ஓடையை ஒட்டி ஒரு கம்பி வேலி இருக்கிறது. அதில் பளபளவென்று, மூன்று மூன்று இலையாக, ஒரு செடி படர்ந்து கிடந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வில்வம் மரம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் நான் கோவில்பட்டி டவுனில் வளர்ந்தவள், கோவில் தட்டில் கிடக்கும் இலையைத் தவிர வில்வத்தைப் பார்த்தவள் இல்லை. இது கொடியாக இருக்கிறதே என்று ஒரு யோசனை ஓடத்தான் செய்தது. இந்த ஊரில் கத்தரிக்காய் தேங்காய் அளவு இருக்கிறது, மிளகாய் உறைக்கமாட்டேன் என்கிறது, வில்வம் மட்டும் ஏன் கொடியாக இருக்கக்கூடாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். எனக்காக இவ்வளவு செய்யும் மனுஷிக்கு நான் கொடுக்க முடிந்தது இதாவது இருக்கிறதே என்று, கை கொள்ளாமல் பறித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

மதினி இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்தார்.

"எங்க கெடச்சுது?"

"பின்னால வேலியில மதினி. ஏகப்பட்டது கெடக்கு. இனிமே ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் நான் பறிச்சுத் தாரேன்."

"சரி. போய்க் குளிச்சிட்டு வா."

நான் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினேன். மதினி ஒவ்வொரு இலையாக எடுத்து அர்ச்சனை செய்தார். முடிந்ததும் ஆதிரைக்குத் திருநீறு பூசினார். எங்கள் பக்கம் அர்ச்சனை செய்த வில்வ இலையைப் பிள்ளையின் தலையில் வைத்து எடுப்பார்கள், அதை மட்டும் செய்யவில்லை. மறந்திருப்பார். பிறகு விளக்கையும் தட்டையும் புளியும் சோப்பும் போட்டுக் கை வலிக்கத் துலக்கினார். எனக்கு மனது நிறைந்திருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

முன்கையில் கோடு கோடாகத் தடிப்பு. கொசுவாக இருக்கும்.

ஜூன் 11, புதன்

கொசு இல்லை.

காலையில் எழுந்தபோது இரண்டு கையிலும், கழுத்திலும், நெஞ்சிலும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அரிப்பு என்று எழுதினால் போதாது. சொறிந்தால் எரிகிறது, சொறியாவிட்டால் உயிர் போகிறது. கதவு விளிம்பில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு. "தோட்ட வேலை செய்தீர்களா?" என்று கேட்டார். சாமி கும்பிட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, விளக்கிச் சொன்னதும் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டார். அந்தக் கொடிக்குப் பெயர் பாய்சன் ஐவி. இலையில் ஒரு எண்ணெய் இருக்கிறது, அது தோலில் பட்டால் இப்படி ஆகும். மூன்று இலையாக இருந்தால் கிட்டே போகாதே என்று இங்கே சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுப்பார்களாம். நமக்கு மூன்று இலையாக இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிலர் உடம்பை அது ஒன்றும் செய்யாதாம். மதினி அந்த ரகம். இத்தனை இலையைத் தொட்டும் அவர் விரலில் ஒரு புள்ளி இல்லை. சாமி ஆள் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

டாக்டர் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். நான் முதலில் கேட்டது பிள்ளையைப் பற்றித்தான். எண்ணெய்தான் ஒட்டும், கொப்புளத்து நீர் ஒட்டாது, நீங்கள்தான் அன்றே குளித்துவிட்டீர்களே, அன்று போட்ட துணியைத் துவைத்துவிட்டு, தாராளமாகப் பிள்ளையைத் தூக்கலாம், கொப்புளம் இல்லாத பக்கம் பால் கொடுக்கலாம், களிம்பு போட்ட இடத்தில் மட்டும் பிள்ளை வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மதினி வாசலிலேயே கேட்டார், "ஒட்டுவாரொட்டியா? பிள்ளைக்கு வந்துருமா?"

"ஜாக்கிரதையா இருப்போம் மதினி," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுத உட்கார்ந்தேன். களிம்பு போட்ட கையில் பேனா வழுக்குகிறது.

ஜூன் 12, வியாழன்

எப்படியும் இந்த வாரம் பாலை நிறுத்தத் தொடங்குவதாகத்தான் இருந்தது. தென்காசிக்குப் போகும் பிள்ளை பாட்டிலுக்குப் பழக வேண்டாமா? இப்போது அது தானாக நடக்கிறது. பம்பு வைத்து எடுத்துக் கொடுக்கிறேன், மதினி பாட்டிலில் புகட்டுகிறார். ஆதிரை முதலில் முகத்தைத் திருப்பினாள், ரப்பரைக் கடித்தாள், கத்தினாள். நான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் கத்தக் கத்த எனக்குப் பால் கசிந்து சட்டை நனைந்தது. கடைசியில் குடித்துவிட்டாள்.

மதினி வெற்றியோடு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையைப் போட்டிருந்தேன். சொறியாமல் இருப்பதற்கு அதுதான் வழி.

ஜூன் 13, வெள்ளி

வலது கண் மூடிக்கொண்டது. முகம் முழுக்கக் காலமைன் மருந்து பூசி, ரோஸ் கலரில் இருக்கிறேன். கண்ணாடியில் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.

ஹாலில் ஆதிரை பாயில் உட்கார்ந்து கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "ஆதி" என்று கூப்பிட்டேன். குரலைக் கேட்டுச் சிரித்தபடி திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. உதடு பிதுங்கியது. பிறகு மதினியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மாதாம்ட்டி, அம்மாவப் பாரு," என்றார் மதினி.

பார்க்கவில்லை. சரியாகிவிடும். மதினி இல்லாவிட்டால் இந்த நேரத்தில் நான் என்ன செய்திருப்பேன்? பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள ஒரு சேலை இருந்ததே.

ஜூன் 15, ஞாயிறு

இவர் வீட்டில் இருக்கிறார். ஓட்ஸை மிக்ஸியில் அடித்துத் தொட்டித் தண்ணீரில் கலந்து அதில் என்னை ஊறப்போட்டார். யாரோ ஆபீசில் சொன்னார்களாம். அரை மணி நேரம் கஞ்சிக்குள் கிடந்தேன். அரிப்பு நிஜமாகவே அடங்கியது. அந்த அரை மணிக்காக இந்த மனிதருக்கு ஜென்மத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

சாப்பிடும்போது இவர் சொன்னார், "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு செம்பா. திடீர்னு ப்ளைட்ல ஏத்தி அனுப்பினா பிள்ள ஏங்கிப் போயிருக்கும். இப்ப அக்காகிட்ட நல்லா ஒட்டிக்கிட்டா பாரு."

"ஆமா, நல்லதுதான்," என்றேன்.

 மதினி எனக்கு இன்னொரு தோசை வைத்தார். நான் கேட்கவில்லை, இருந்தாலும் சாப்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று உயிர் போய் வந்தது.

காலையில் மதினி, "செம்பா, இங்க வா!" என்று கத்தினார். ஆதிரையின் கன்னத்தில் சிவப்பாக ஒரு திட்டு. தாடைவரை இறங்கியிருந்தது.  துவைக்காமல் விட்ட துணி எதுவோ, நாற்காலியில் ஒட்டியிருந்த எண்ணெயோ, எது என்று தெரியாமல் வீட்டையே வெறித்தேன். இந்தப் பாவி கை பறித்த இலைதானே.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து படம் அனுப்பினோம். பதில் வரும்வரை மதினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். தேவாரம் என்று நினைத்தேன். கிட்டே போனால் பதிமூன்றாம் வாய்ப்பாடு. பயம் வந்தால் அவருக்கு அதுதான் வருமாம். ஆதிரையைத் தூங்க வைப்பதும் வாய்ப்பாடு சொல்லித்தான். பதினாறாம் வாய்ப்பாடு பாதி போகும்போதே பிள்ளை கண் சொருகிவிடுகிறாள்.

நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாள்: பல் முளைக்கிறது, எச்சில் வழிந்து வந்த சிவப்பு, துடைத்துத் துடைத்து வையுங்கள், வேறொன்றும் இல்லை.

மதினி பிள்ளையின் காலைப் பிடித்து முத்தம் கொடுத்தார். முத்தம் முத்தமாகக் கொடுத்தார். நான் இரண்டடி தள்ளிக் கையுறையோடு நின்றேன். கடவுளே, நன்றி, நன்றி, நன்றி. 

ஜூன் 18, புதன்

அரிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஆதிரை இன்று தவழ்ந்தாள். பின்னால் போகிற தவழல்தான், சோபாவுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு கத்தினாள். மதினி இழுத்து வெளியே எடுத்தார். இருவரும் தரையில் படுத்துச் சிரித்தார்கள். மதினி சிரிக்கும்போது பார்க்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ராத்திரி பிள்ளை அழுதால் இப்போது மதினியின் கட்டிலுக்குத்தான் கை நீட்டுகிறாள். திட்டப்படியே எல்லாம் போகிறது. நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

சமையலறையில் பிள்ளைக்குச் சாப்பிடும்போது கழுத்தில் கட்டும் பிப் ஒன்று கிடந்தது. துவைக்கப் போடும் முன் முகர்ந்து பார்த்தேன். ராகி வாடை, புளித்த பால் வாடை. வெகுநேரம் முகர்ந்தேன்.

ஜூன் 23, திங்கள்

மறுபடியும் பிரதோஷம். மதினி பச்சரிசியை வைத்தே அர்ச்சனை செய்தார். நான் வேலிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

கண் திறந்துவிட்டது. முகத்தில் தடிப்பு வற்றிவிட்டது. கையில் மட்டும் காய்ந்த பொருக்கு இருக்கிறது. மதினி கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆறிட்டே! இனிமே பிள்ளையத் தூக்கலாமே?" என்றார்.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம் மதினி. புதன்கிழமை போகணும்லா."

"நானும் வாரேன்," என்றார்.

அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்கு அலைச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் என் கையைப் பார்த்து, அருமையாக ஆறியிருக்கிறது என்றார். மதினி ஆதிரையை இடுப்பில் வைத்தபடி, டீச்சர் இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்: இவள் எப்போதிலிருந்து பிள்ளையைத் தூக்கலாம்? டாக்டர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். முதல் நாளே தூக்கலாம் என்று சொன்னேனே என்றார்.

மதினி "தேங்க் யூ டாக்டர்" என்றார்.  காரில் பின்சீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். இரண்டு சிக்னல் தாண்டியதும் மதினி சொன்னார்.

"அன்னைக்கே சொல்லிருக்காரு."

"ஆமா மதினி."

"பின்ன ஏன் எங்கிட்ட மறைச்ச? பிள்ள கதவப் பாத்துப் பாத்து அழுதாளே. நீ உள்ளதான இருந்த?"

நான் ரோட்டைப் பார்த்தே சொன்னேன், "பழகிக்கலாம்னு பாத்தேன் மதினி. அவளுக்கும் பழகட்டும், எனக்கும் பழகட்டும்னு. ஏர்போர்ட்டுல வச்சுப் புடுங்கிக் குடுக்கதுக்கு, இப்பவே கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துட்டா வலிக்காதுன்னு."

"வலிக்கலையா?"

என்னால் ஓட்ட முடியவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு அழுதேன். மூக்கைச் சிந்திச் சிந்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். மதினி பின்னாலிருந்து டிஷ்யூ கொடுத்தார். பிறகு அவர் சொன்னார்.

"நானும் ஒண்ணு மறைச்சிட்டேன். அது வில்வம் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். கசக்குனா வாசம் வரணும். வரல. நீ அத்தன ஆசையா அள்ளிட்டு வந்து நிக்க, இது அது இல்லட்டின்னு சொல்ல வாய் வரல. சாமிதான, பச்சையா எதப் போட்டாலும் ஏத்துக்கிடும்னு போட்டுட்டேன். பிள்ள தலையில மட்டும் வைக்கல. என்ன இலையோ ஏதோன்னு இருந்துச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தூங்கும் ஆதிரையின் கையைப் பிடித்திருந்தார்.

"விஷம்னு தெரிஞ்சிருந்தா உன்னத் தொட விட்டிருப்பேனா? நான் அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா நீ ஒடனே சோப்பு போட்டுத் தேச்சுக் கழுவியிருப்ப." பிறகு குரல் இறங்கிப்போயிற்று. "பிள்ளையையும் நீ ஆசையாத்தான் குடுக்கன்னு நெனச்சிட்டேன், செம்பா."

 அந்த இலையைப் பிள்ளை தலையில் வைக்காமல் விட்ட கையை, என் கையைப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கைக்கு நான் எந்தப் பிறவியில் நன்றி சொல்லி முடிப்பேன்?

வீட்டுக்கு வந்து காரிலிருந்து ஆதிரையை நானே எடுத்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு! கனத்திருந்தாள். ஆனால் கண் விழித்ததும் என் தோளில் விறைத்துக்கொண்டு, உடம்பை வளைத்து, மதினியை நோக்கிக் கையை நீட்டி வீரிட்டாள். நான் அவளுக்கு யாரோ ஆகியிருந்தேன். திட்டம் அவ்வளவு நன்றாக நிறைவேறியிருந்தது.

மதினியின் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார். விறுவிறுவென்று உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தம் நிற்கவே இல்லை. பிள்ளை அழுது அழுது, வேறு யாரும் இல்லை என்று ஆனபிறகு, என் கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தாள். பிறகு பழைய வழியைக் கண்டுபிடித்துப் பால் குடித்தாள்.

மதினி வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது.

ஜூன் 26, வியாழன்

மதினி பிள்ளையின் கண்ணில் படாமல் நடமாடுகிறார். அவள் ஹாலில் இருந்தால் மதினி சமையலறையில். அவள் சமையலறைப் பக்கம் திரும்பினால் மதினி பால்கனியில். பசிக்கு அழுதால் பாட்டிலைக் கலந்து மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் வச்சுக்கோங்க மதினி, நான் குளிச்சிட்டு வந்துருதேன்," என்றேன்.

"அவளையும் கூட்டிட்டுப் போய்க் குளி," என்றார்.

இன்று மட்டும் இரண்டு வகைத் துவையல், ஒரு பொடி, ஒரு புளிக்காய்ச்சல் செய்து பாட்டிலில் அடைத்திருக்கிறார். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை போலிருக்கிறது.

ஜூன் 28, சனி

இவரிடம் இன்று காலை சொன்னேன். பிள்ளையை அனுப்பவில்லை என்று, எந்த முன்னுரையும் இல்லாமல். பயிற்சியை ஜனவரிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று நேற்றே கேட்டுவிட்டேன், முடியும் என்கிறார்கள். ஐந்து மாதம் பின்தங்குவேன். என்னோடு தேர்வானவர்கள் எனக்கு சீனியர் ஆவார்கள். வருத்தம்தான், இல்லை என்று எழுதமாட்டேன். அதற்குள் ஒரு டேகேரில் இடம் வந்துவிடும். வராவிட்டால் அப்போது பார்க்கலாம்.

இவர் பதறிப்போனார். "அக்கா ஒரு வருஷம் லீவு சாங்ஷன் வாங்கிட்டு வந்திருக்கா செம்பா. ஊரு பூரா சொல்லி வச்சிருக்கா. இப்பப் போயி வேண்டாம்னா, அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்கது?"

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. "என் மூஞ்சியில நீ ஒண்ணும் முழிக்க வேண்டாம். உன் மேனேஜர் மூஞ்சியில போயி முழி. பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு என்னால வாராவாரம் சிகாகோ போக முடியாதுன்னு சொல்லு. சொல்லத் தெரியலன்னா போனப் போட்டு எங்கிட்ட குடு, நான் சொல்லுதேன்."

இவர் தோசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்பில் வீட்டில் அக்காவிடமே கணக்குப் படித்தவர்.

"பிள்ள டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரு லிங்கம்," என்றார் மதினி, இப்போது சத்தம் இல்லாமல்.

ஜூன் 30, திங்கள்

இவர் மேனேஜரிடம் பேசிவிட்டார். செப்டம்பரிலிருந்து உள்ளூர் வேலை தரப் பார்க்கிறார்களாம். பார்க்கிறார்களாம் என்பது உறுதி இல்லை. இருந்தாலும் கேட்டாரே.

கையில் பொருக்கு உதிர்ந்து, அடியில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல் வந்திருக்கிறது. ஆதிரை அதை நகத்தால் கீறிப் பார்க்கிறாள்.

ஜூலை 5, சனி

மதினியை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

பெட்டி போடும் இடத்தில் அவருடைய சாமான் எடை ரொம்பக் குறைவாக இருந்தது. பிள்ளைக்கான பெட்டிகளை மனதில் வைத்து அவர் தனக்கென்று எதுவுமே வாங்கவில்லை. நேற்று நான் அவசரமாக வாங்கித் திணித்த சாக்லேட்டும் முந்திரியும்தான் உள்ளே கிடந்தன.

செக்யூரிட்டிக்குப் போகும் கயிறு கட்டிய இடத்தில் நின்றோம். ஆதிரை என் தோளிலிருந்து மதினியைப் பார்த்து இரண்டு கையையும் தட்டினாள்.

"ஒரே ஒரு தடவ தூக்குங்க மதினி."

"வேண்டாம். தூக்குனா நான் விடமாட்டேன்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிள்ளையின் பாதத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டார். தம்பியின் தோளில் தட்டினார். என்னிடம், "பொடி காலியானா சொல்லு, அனுப்புதேன்," என்றார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வரிசை வளைந்து வளைந்து போகிறது, அவர் ஒவ்வொரு வளைவிலும் எங்கள் பக்கம் முகம் வராதபடி கைப்பையைக் கிளறிக்கொண்டே போனார்.

காரில் இவர் அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மதினியிடமிருந்து வாட்ஸப்பில் குரல் வந்திருக்கிறது. பத்துத் தடவை கேட்டுவிட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"செம்பா, நல்லபடியா வந்து சேந்துட்டேன். மழ பெய்யுது, சாரல் ஆரம்பிச்சிட்டு. லீவக் கேன்சல் பண்ணச் சொல்லி ஸ்கூல் எச்செம்முக்கு எழுதிக் குடுத்துட்டேன், திங்கக்கிழமையில இருந்து போறேன். வேற ஒண்ணுமில்ல... வீட்டத் தொறந்தா, ஹால் நடுவுல தொட்டில் கொக்கி தொங்குது. சித்திரையில ஆசாரியக் கூப்பிட்டு மாட்டி வச்சது, மறந்தே போச்சு. தலையில இடிச்சிட்டேன். கழட்டிருவோமாக்கான்னு அவன் வந்து கேட்டான். வேண்டாம், கெடக்கட்டும்னுட்டேன். நீங்க லீவுல வரும்போது ஆதி நடந்துக்கிட்டிருப்பா, தொட்டில்ல எங்க கெடக்கப் போறா. சரி, இருந்துட்டுப் போகுது. பிள்ளைக்கு நேரத்துக்குக் குடு. வச்சிருதேன்."

கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன். ஆதிரை தரையில் முன்பக்கமாகத் தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தாள். ஜனவரி வரை எனக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று அப்போதுதான் உறைத்தது. இவருக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் சரி என்றார். சோறு வைக்கத் தெரியும், துவையல் பாட்டிலில் இருக்கிறது, நான் இருந்துகொள்வேன் என்றார்.

தென்காசியில் பொழுது விடியும்வரை காத்திருந்து மதினியைக் கூப்பிட்டேன்.

"கொக்கி ஸ்ட்ராங்கா இருக்கா மதினி?"

"எதுக்குக் கேக்க? தேக்கு உத்தரம்ட்டி, உன்னையே தாங்கும்."

"அப்ப ரெண்டு பேருமா வாரோம். ஆகஸ்ட்ல. நானும் அவளும், டிசம்பர் வரைக்கும் அங்கதான்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதனால் போகவில்லை என்று தெரிந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மதினி கேட்டார்.

"எத்தனாந்தேதின்னு சொல்லு. எச்செம் ரூமுக்குப் போயி அந்த லெட்டரத் திருப்பி வாங்கணும்."